ராக், ஜாஸ் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி: அட்டையிலிருந்து திருத்தம் வரை

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் பற்றி நாலு பக்கம் எழுதினேன். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பாட்டில் பில் எவன்ஸின் பியானோவிலிருந்து ப்ளூஸ் எப்படிக் கசிகிறது என்று ஒரு பத்தி முழுக்க உருகியிருந்தேன். இதழ் வந்த நான்காம் நாள் ஒரு போன். குரலில் வயது தெரிந்தது. “தம்பி, கட்டுரை நல்லா இருக்கு. ஆனா அந்தப் பாட்டுல பியானோ எவன்ஸ் இல்ல, வின்டன் கெல்லி. அட்டையத் திருப்பிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஸ்ட்ரீமிங்கில் கேட்டு எழுதியவனிடம் திருப்பிப் பார்க்க அட்டை ஏது?

பெயர் தப்பியதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. அந்த ஆல்பத்தில் கெல்லி வாசிப்பது அந்த ஒரே பாட்டில். மற்ற நான்கிலும் எவன்ஸ். கெல்லியின் விரல் துள்ளும், ஒவ்வொரு சுரத்தையும் தட்டிவிட்டு நகரும். எவன்ஸ் நாலைந்து சுரங்களைச் சேர்த்து மெல்ல இறக்கிவைப்பவர். அடுத்தடுத்துக் கேட்டால் புதியவருக்கே வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியவில்லை என்றால், நான் கேட்டது எவன்ஸ் என்ற பெயரை, பியானோவை இல்லை.

ராக், ஜாஸ் விமர்சனம் எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் எல்லாமே அந்த போனிலிருந்து கற்றதுதான். வரிசையாகச் சொல்கிறேன். சில படிகளில் நின்று பேசுவேன், சிலவற்றை ஒரே தாவலில் கடந்துவிடுவேன்.

படி 1: கையில் இருப்பது என்ன சரக்கு என்று முடிவு செய்யுங்கள்

‘ஆல்பம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விதமான சரக்கு இருக்கிறது. இந்த மாதம் வந்த புது ஆல்பம். எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆல்பம். அந்தப் பழையதன் மறுவெளியீடு, அதாவது புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) செய்ததோ, ரீமிக்ஸ் (பதிவான குரலையும் வாத்தியங்களையும் மறுபடி கலப்பது) செய்ததோ, கூடுதல் டேக்குகளோடு (அதே பாட்டை வேறு முறை வாசித்த பதிவுகள்) பெட்டியாக வந்ததோ. நான்காவது, பழைய காலத்தில் பதிவாகி எங்கோ தூங்கிக்கொண்டிருந்து இப்போதுதான் வெளிவரும் ஒலிநாடா.

நான்கிற்கும் கேள்வி வேறு. பழைய ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது ‘இது நல்ல ஆல்பமா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. ‘இன்று முதல்முறை கேட்பவர் எங்கே காதை வைக்க வேண்டும்’ என்பது பிரயோஜனமான கேள்வி. மறுவெளியீட்டில் வாசகர் கேட்பது ஒன்றுதான்: ஏற்கெனவே என்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டு இதையும் வாங்கணுமா? அதற்குப் பதில் சொல்லாமல் மைல்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தால் அவர் பொறுமை இழப்பார்.

நான்காவது ரகம்தான் எனக்குப் பிடித்தது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் இருந்த நாட்கள் 1957-ல் சில மாதங்கள்தான். அந்த வருடம் நவம்பர் 29-ஆம் தேதி கார்னகி ஹாலில் அவர்கள் வாசித்ததன் ஒலிநாடா 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. அதே வருடம் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர்கள் மேதைகள் என்று உலகம் முடிவு செய்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, ஆனால் அந்த ஒலிநாடாவைப் பற்றி ஒருவரும் ஒரு விமர்சனமும் எழுதியிருக்கவில்லை. பெயர் பழையது, ஒலி புதியது. காதை மட்டும் நம்பி எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

படி 2: எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் முக்கால்வாசிப் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரே ஆல்பம் பத்துவிதமாக ஒலிக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை.

மறுபடியும் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்கே வருகிறேன். அது நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டுடியோவில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாளில் பதிவானது. மார்ச் 2 அன்று ஓடிய ஒலிநாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். ஆக எல்.பி. இசைத்தட்டின் முதல் பக்கத்திலிருக்கும் மூன்று பாட்டுகளும் முப்பது வருடத்துக்கு மேல் நிஜத்தைவிட ஒரு பொடி தூக்கலாகவே ஒலித்தன. கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகித்திருப்பார்கள். 1990-களின் மறுவெளியீடுகளில்தான் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவைக் கொண்டு அதைத் திருத்தினார்கள். ஆகவே “மைல்ஸின் இந்த டெம்போ என்ன ஒரு துடிப்பு” என்று எழுதுவதற்கு முன் நீங்கள் கேட்டது எந்த வருடத்துப் பதிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பீட்டில்ஸிலும் இதே கதை. 1967-ல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை அவர்கள் மெனக்கெட்டு மிக்ஸ் செய்தது மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலியில். ஸ்டீரியோ மிக்ஸிங் பிறகு அவர்கள் இல்லாமலே முடிந்தது. ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் இருக்கும். ஸ்டீரியோவில் இழுவையாகச் சோகம் சொட்டும். இரண்டு விமர்சகர்கள் அந்தப் பாட்டைப் பற்றி எதிரும் புதிருமாக எழுதினால் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

இன்னொன்று சத்த அளவு. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ 2008-ல் வந்தபோது சிடியில் சத்தத்தை முட்டு முட்டென்று ஏற்றி அழுத்தியிருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கும் இடமெல்லாம் ஒலி கிழிந்தது. அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேமில் அந்த அழுத்தம் இல்லாமல் கிடைத்தன. ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, மறுபடி மிக்ஸ் செய்து தாருங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டு நன்றாக இருந்து, அதைப் பிடித்த விதம் கெட்டுப்போன ஆல்பம் அது. ‘இசை எப்படி’, ‘ஒலி எப்படி’ என்ற இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும் என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

மறுவெளியீட்டைப் பழைய பதிப்போடு ஒப்பிடும்போது ஒரு கட்டாயம்: இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கூடச் சத்தமாக ஒலிப்பது எதுவோ அதுதான் மேல் என்று நம் காது உடனே ஏமாறும். “புது ரீமாஸ்டரில் பேஸ் உயிர்பெற்றிருக்கிறது” என்ற வரிகளில் பாதி, வால்யூம் கூடியதால் எழுதப்பட்டவை என்பது என் சந்தேகம்.

படி 3: கேட்பதற்கு ஓர் ஏற்பாடு

லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வேண்டாம். சுமாரான, ஒயர் உள்ள ஹெட்போன் போதும். ஆனால் எப்போதும் அதே ஹெட்போனில் கேளுங்கள். அதன் குணம் காதுக்குப் பழகினால்தான் ஆல்பத்தின் குணம் தனியாகத் தெரியும். போனில் ‘பேஸ் பூஸ்ட்’, ‘ஈக்குவலைசர்’ எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷஃபிளை அணையுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே செயலி இடைவெளி விடுகிறதா என்று பாருங்கள். ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ மாதிரி ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடும் ஆல்பத்தில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் அது பிங்க் ஃபிளாய்ட் போட்ட மௌனம் இல்லை. இரண்டு காதிலும் போட்டுக் கேளுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறுபதுகளின் ஸ்டீரியோவில் பாடகரை ஒரு பக்கமாகவே ஒதுக்கிவைத்த பதிவுகள் உண்டு. பஸ்ஸில் ஒற்றைக் காதில் கேட்டுவிட்டு ‘வெறும் இசைக்கோவை’ என்று எழுதிவிடாதீர்கள்.

என் கணக்கு, ஒரு ஆல்பத்துக்குக் குறைந்தது ஐந்து முறை. முதல்முறை பேனா தொடுவதில்லை. படுத்துக்கொண்டு கேட்பேன், தூக்கம் வந்தால் எந்தப் பாட்டில் வந்தது என்பதும் தகவல்தான். இரண்டாவது முறை நோட்டும் கடிகாரமும். இடது பக்கம் நிமிடம், நொடி. வலது பக்கம் நடந்தது. ‘அருமை’, ‘சுமார்’ என்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. “2:10 டிரம்ஸ் நின்றது, பேஸ் மட்டும்”, “3:40 பாடகர் அதே வரியை இரண்டாம் முறை பாடும்போது மூச்சு கேட்கிறது” என்று இருக்கும். மூன்றாவது முறை ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்வது. நான் பெரும்பாலும் பேஸைப் பிடித்துக்கொள்வேன், ஏனென்றால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான்காவது, சமைக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ. வேலைக்கு நடுவிலும் ஒரு பாட்டு கையைப் பிடித்து நிறுத்துகிறதென்றால் அது குறிப்பிட வேண்டிய பாட்டு. ஐந்தாவது முறை, எழுதி முடித்த பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 4: ஜாஸைக் கேட்கும் முறை

ஜாஸ் புரியவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் புரியாதது ஒன்றே ஒன்றுதான்: சுற்று. பெரும்பாலான ஜாஸ் பாட்டில் முதலில் ஒரு மெட்டு வரும், பிறகு அந்த மெட்டின் நீளத்தையும் கட்டுமானத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கற்பனையில் இறங்குவார்கள், கடைசியில் மெட்டு திரும்பும். கல்பனாஸ்வரம் பாடிவிட்டு எடுப்புக்கு வந்து சேர்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. நாம் தாளம் போடுவதுபோல அங்கேயும் எண்ணினால் போதும்.

‘ஸோ வாட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் ஏதோ தேடுகின்றன. அரை நிமிடம் போனதும் பால் சேம்பர்ஸின் பேஸ் மெட்டைத் தொடங்குகிறது. மெட்டைப் பாடுவது பேஸ்! அதற்குப் பதிலாகப் பியானோ இரண்டே இரண்டு அடி அடிக்கிறது, பாட்டின் பெயரை உச்சரிப்பதுபோல. பிறகு அந்த இரண்டடியை டிரம்பெட்டும் இரண்டு சாக்ஸபோன்களும் வாங்கிக்கொள்கின்றன.

இப்போது எண்ணுங்கள். நாலு எண்ணிக்கை ஒரு பார். எட்டு பார் ஒரு பகுதி. அந்தப் பகுதி இரண்டு முறை வரும். மூன்றாவது எட்டு பாரில் எல்லாமே அரைக்கட்டை மேலே ஏறும். நான்காவதில் பழைய இடத்துக்கு இறங்கும். மொத்தம் 32 பார், அதுதான் ஒரு சுற்று. சுரங்களை அடுக்கிப் பார்த்தால் கரகரப்ரியாவின் ஆரோகண அவரோகணம். இரண்டு கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென இரண்டரைக் கட்டைக்குப் போய்த் திரும்புகிறது. சுருதிப்பெட்டியை யாரோ பாட்டின் நடுவில் மாற்றிவைத்த மாதிரி. ஆனால் இதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். கமகம் இல்லாத, ராகம் என்ற எண்ணமே இல்லாத இசை அது. கரகரப்ரியா உள்ளே நுழைய ஒரு கதவு. மைல்ஸ் செய்வதை அளக்கிற கோலாக அதை ஆக்கிக்கொண்டால் மைல்ஸ் தோற்றுப்போவார், தப்பு நம்முடையதாக இருக்கும்.

ஒன்றரை நிமிடத்தை ஒட்டி மெட்டு முடிகிறது. மைல்ஸ் தன் முதல் சுரத்தை ஊதும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். அந்த ஒலி அறை முழுக்கப் பரவி, மைல்ஸின் முதல் வாக்கியத்துக்கு அடியில் மெல்லக் கரைகிறது. எத்தனையோ முறை கேட்டிருப்பேன், இன்னும் அந்த இடத்தில் கை வேலையை நிறுத்திவிடும். ‘இசை அறை முழுக்க நிறைகிறது’ என்ற தேய்ந்த வரியை எழுதாமல், இந்த ஒரு தட்டைச் சொல்லுங்கள். வாசகர் போய்க் கேட்பார்.

அதன்பிறகு மைல்ஸ் இரண்டு சுற்று. சொல்வது குறைவு, நிறுத்துவது அதிகம். அடுத்து கோல்ட்ரேன், இடைவெளி கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாத மனிதர். பிறகு இன்னொரு சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி, அதே சுரங்களில் சிரிப்பை வரவழைக்கிறார். கடைசியாக எவன்ஸ், அவருக்குப் பின்னால் அந்த இரண்டடியைக் காற்று வாத்தியங்கள் ஊதிக்கொண்டே இருக்க, சுரங்களைக் கொத்துக் கொத்தாக வைக்கிறார். ஒரே மனை, ஒரே அளவு. நாலு பேர் நாலு வீடு கட்டுகிறார்கள். ஜாஸ் விமர்சனத்தில் எழுத வேண்டியது பெரும்பாலும் இந்த நாலு வீட்டின் வித்தியாசத்தைத்தான்.

அட்டையில் பெயர் போட்டவரை மட்டும் கேட்பது ஜாஸில் பெரிய பாவம். தலைவர் ஊதும்போது டிரம்மர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் பாதிச் சுவை. கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தில் டிரம்மர் எல்வின் ஜோன்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். வேறு ஆல்பம் கேட்டதுபோல் இருக்கும்.

படி 5: ராக் கேட்கும் முறை

ராக்கில் பாட்டு, குரல், ஸ்டுடியோ மூன்றும் பின்னிக் கிடக்கும். எந்த ஓசையை யார் முடிவு செய்தார் என்று பிரிப்பது சிரமம். ஆனால் முயல வேண்டும். 1973-ல் வந்த ‘டார்க் சைட்’ ஆல்பத்தில் ‘மனி’ பாட்டை உதாரணமாக வைக்கிறேன்.

கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை, காசு குலுங்கும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி ஒரு வளையமாக ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த வளையத்திலேயே ஏழு எண்ணிக்கை இருக்கிறது. பேஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஏழில் நடக்கிறது. நம்மவர்கள் உடனே ‘மிச்ர சாபு’ என்று கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன். விஷயம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. டிக் பாரியின் சாக்ஸபோன் ஏழிலேயே சுற்றிவிட்டு வெளியேற, மூன்று நிமிடத்தை ஒட்டி டேவிட் கில்மரின் கிடார் வரும்போது தாளம் நாலுக்கு மாறிவிடுகிறது. அதுவரை ஒரு கால் சற்றே குட்டையாக நொண்டிய பாட்டு சட்டென்று ஓட ஆரம்பிக்கிறது. கிடாரின் நடுப்பகுதியில் எதிரொலி எல்லாவற்றையும் உருவிவிட்டார்கள். பெரிய மைதானத்திலிருந்து நம் பக்கத்து அறைக்கு வந்து வாசிப்பதுபோல வறண்டு, சிறுத்து ஒலிக்கிறது. மூன்றாவது பகுதியில் மைதானம் திரும்பி வருகிறது. விரல் வேகத்தால் வந்த விறுவிறுப்பு இல்லை அது, மிக்ஸிங் மேசையில் செய்த வேலை. ராக் விமர்சனத்தில் ‘கிடார் தூள்’ என்பதற்கும் இப்படி எழுதுவதற்கும் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் பயிற்சி.

பாடல் வரிகளை முதல் மூன்று முறையும் படிக்காதீர்கள். காதில் விழுந்த சொல் எது, விழாத சொல் எது என்று தெரிந்த பிறகு படியுங்கள். விமர்சனத்தில் நீளமாக மேற்கோள் காட்ட வேண்டாம். காப்புரிமை ஒரு காரணம், அச்சில் அவை பெரும்பாலும் பரிதாபமாக இருக்கும் என்பது இன்னொன்று.

பாட்டு வரிசையையும் கவனியுங்கள். எல்.பி. காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம்; தட்டைத் திருப்ப எழுந்துபோகும் இடைவேளையை மனதில் வைத்தே அடுக்கினார்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் பக்கம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு, அங்கே ஒரு நிமிடம் எழுந்து நடங்கள்.

படி 6: புது ஆல்பம் என்றால்

இங்கே உங்களுக்குத் துணையாக அறுபது வருடப் புகழ் கிடையாது. இருப்பது கம்பெனி அனுப்பும் பத்திரிகைக் குறிப்பு மட்டும். அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால், ‘இதுவரை செய்யாத துணிச்சலான பயணம்’ என்று அவர்கள் சொன்னது உங்கள் சொந்தக் கருத்துபோல வந்து உட்கார்ந்துகொள்ளும். இலவசப் பிரதி வாங்கியிருந்தால் கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மூத்தவர்களின் புது ஆல்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2023-ல் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ போட்டார்கள். அதற்கு முன் சொந்தப் பாட்டுகளோடு ஆல்பம் வந்தது 2005-ல். வந்தவுடனே 1972-ன் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’டோடு தராசில் வைப்பது வழக்கம். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனம். எண்பதை எட்டிய மிக் ஜாகரின் குரல் இன்று என்ன செய்கிறது என்பதே பேச நிறைய இடமுள்ள விஷயம்.

அளவாக எழுதுவது எப்படி என்று காட்ட, 2021-ல் வந்த ‘பிராமிசஸ்’ ஆல்பத்துக்கு நான் எழுதிவைத்த குறிப்பை அப்படியே தருகிறேன்:

“ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்ட் ஏழே சுரத்தில் ஒரு சின்னத் துணுக்கை வைத்து 46 நிமிடம் ஓட்டுகிறார். அலுக்க வேண்டும்; அலுக்கவில்லை. காரணம், அதன் மேல் எண்பது வயது ஃபரோ சாண்டர்ஸ். அறுபதுகளில் சாக்ஸபோனை அலறவிட்டவர் இங்கே ஒவ்வொரு சுரத்தையும் தரையில் வைத்துவிட்டு உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். நான்காம் பகுதியில் வாத்தியத்தையே விலக்கிவிட்டு வாயால் முணுமுணுக்கிறார், தாத்தா தனக்குள் பேசிக்கொள்வதுபோல. ஆறாம் பகுதியில் லண்டன் சிம்ஃபனியின் வயலின்கள் பொங்கி எழும்போது மட்டும் எனக்குச் சினிமா நினைவு வந்தது; அந்த ஒரு இடம் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம்.”

எட்டுக் கட்டுரைகள் படிக்கக் கிடைத்தாலும் இந்த அளவுக்குத்தான் நான் ஆரம்பத்தில் எழுதுவேன். என்ன நடக்கிறது, யார் செய்கிறார், எந்த இடத்தில், எனக்கு எங்கே ஒட்டவில்லை.

படி 7: தீர்ப்பும் நட்சத்திரமும்

தீர்ப்பு சொல்லத்தான் வேண்டும். ‘ரசிகர்களின் விருப்பத்தைப் பொறுத்தது’ என்று நழுவுவதற்கு விமர்சனம் எதற்கு? சுப்புடு கச்சேரி விமர்சனம் எழுதிய மொழி இது. நமக்குத் தைரியத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் தீர்ப்பு தவறலாம் என்பதற்குத் தயாராக இருங்கள். 1969-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. 1961-ல் ‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் பத்திரிகையில் ஜான் டைனன் என்ற விமர்சகர் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பது ‘ஜாஸுக்கு எதிரானது’ என்றே எழுதினார். அடுத்த வருடம் இருவரும் அதே பத்திரிகையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

அதே டைனனுக்கு 1962-ல் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ ஆல்பம் வந்து சேர்ந்தது. இடது ஸ்பீக்கரில் நாலு பேர், வலது ஸ்பீக்கரில் நாலு பேர், ஏறக்குறைய 37 நிமிடம் ஒரே மூச்சு. ‘டவுன்பீட்’ அதை இரண்டு பேரிடம் கொடுத்தது. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் போட்டார். டைனன் போட்டது பூஜ்யம். இரண்டையும் கூட்டி வகுத்து இரண்டரை நட்சத்திரம் என்று போட்டிருந்தால் அது அந்த ஆல்பத்தைப் பற்றி எதையுமே சொல்லியிருக்காது. இதனால்தான் நான் நட்சத்திரம் போடுவதில்லை. ஆசிரியர் கட்டாயப்படுத்தினால் போடுகிறேன், கட்டுரையை முடித்த பிறகு.

படி 8: தமிழில் எழுதும்போது

‘மயக்கும்’, ‘மெய்சிலிர்க்கும்’, ‘வருடும்’, ‘இதமான’ என்ற நாலையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் நோட்டில் குறித்த ஒரு சம்பவத்தை வையுங்கள். ‘கோரஸ்’ என்ற சொல்லில் கவனம் தேவை: ராக்கில் அது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, ஜாஸில் அது மெட்டின் ஒரு முழுச் சுற்று. நான் முன்னதைப் பல்லவி என்றும் பின்னதைச் சுற்று என்றும் எழுதுகிறேன். ‘ஸ்விங்’, ‘ரிஃப்’, ‘சோலோ’ எல்லாம் அப்படியே இருக்கட்டும். ‘தனியிசைப்பு’ என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் எந்தச் சத்தமும் கேட்காது. பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரே கட்டுரையில் கோல்ட்ரேன், கால்ட்ரேன், கொல்ட்ரேன் என்று மூன்று பேர் சாக்ஸபோன் வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்குக் கூடுதலாக ஒரு காது இருக்கும் இடங்களும் உண்டு. கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் அதற்கு முந்தின வருடம் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். ஜாஸ் கிடாரை நன்கு அறிந்த வெளிநாட்டு விமர்சகர் மெக்லாக்லினின் விரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். கடம் எங்கே கோர்வை வைத்து முடிக்கிறது, அதைக் கிடார் எங்கே பிடித்துக்கொள்கிறது என்பதை மயிலாப்பூர் சபாவில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்தான் எழுத முடியும். 2023-ல் வந்த அவர்களின் ‘திஸ் மொமன்ட்’ அடுத்த வருடம் கிராமி வாங்கியது. அப்போது தமிழில் வந்தவற்றில் நான் படித்ததெல்லாம் விருதுச் செய்திதான். இசையைப் பற்றி ஒரு பத்தி தேடினேன்.

படி 9: அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

இப்போது ஐந்தாவது முறை. எழுதிய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்பத்தை ஓடவிடுங்கள். ஒவ்வொரு வரியும் காதில் கேட்கிறதா? கேட்காத வரியை வெட்டுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். எந்தப் பாட்டில் யார் வாசித்தார், எந்தத் தேதி, எந்த ஸ்டுடியோ என்பதை அட்டையிலிருந்து சரிபாருங்கள். அட்டை இல்லையென்றால் அதன் பின்பக்கப் படத்தைத் தேடி எடுங்கள். பாட்டுக்குப் பாட்டு ஆட்கள் மாறும் ஜாஸில் இதைத் தவிர்க்க முடியாது.

அப்படியும் தப்பு வரும். வந்தால் அடுத்த இதழில் சுற்றிவளைக்காமல் ஒரே வரி போடுங்கள். நான் போட்டது: “திருத்தம்: ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பாட்டில் பியானோ வாசித்தவர் வின்டன் கெல்லி.” அந்த இதழில் ஒரு பிரதியைப் பெரியவருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி போன்.

“திருத்தம் பாத்தேன் தம்பி, சந்தோஷம். ஆமா, ‘ப்ளூ இன் க்ரீன்’ல ரெண்டு சாக்ஸும் கொஞ்சிக்குதுன்னு எழுதியிருந்தீங்களே. அதுல கேனன்பால் வாசிக்கவே இல்லையே, அத எப்ப போடப் போறீங்க?”